தாய்க்குரல்

காலை ஐந்து நாற்பதுக்கு வடிவின் கைப்பேசியில் பணி நிரந்தர உத்தரவு வந்தது. வீட்டுக்கு எதிரே உள்ள பறவைக் குளத்தில், இயந்திரத்தில் பொரித்த வரித்தலை வாத்துக் குஞ்சுகளுக்குத் தாயாக இருப்பது அவள் வேலை. அதற்காகப் போன வருடம் தொண்டையில் ஒரு கருவி பொருத்தினார்கள். அன்றிலிருந்து அவள் வாய் திறந்தால் வாத்தின் குரல்தான் வரும். நிரந்தரம் என்றால் ஓய்வு பெறும்வரை அந்தக் குரல்தான். வேண்டாமென்றால் இன்றே கழற்றிவிடுவார்கள்.

“ஏட்டி, பென்சன் வரைக்கும் உண்டு. ரேகையை வையி,” என்று சிரித்தான் கணவன் இசக்கிராஜா. “எதுத்துப் பேசாத பொண்டாட்டி ஊர்ல எவனுக்குக் கெடைச்சிருக்கா?”

வடிவு அவனை முறைத்துவிட்டுக் கட்டைவிரலைத் திரையருகே கொண்டுபோனாள்.

அப்போது தொட்டிலில் பதினோரு மாதக் குழந்தை விழித்து, முதன்முறையாக அவளைக் கூப்பிட்டது. குஞ்சுகளைக் கரையேறச் சொல்லி வடிவு எழுப்பும் அதே குரல். சிறிதும் பிசகவில்லை.

இசக்கிராஜாவின் சிரிப்பு நின்றது. குளத்திலிருந்து நூற்றுக்கணக்கான தொண்டைகள் பதில் சொல்லின. அவன் கதவைத் திறந்தான். வாத்துகள் கரையேறி, வரிசையாக நடந்து வந்துகொண்டிருந்தன.

வடிவின் விரல் இன்னும் திரையைத் தொடவில்லை.

“வடிவு,” என்றான் அவன். “அதுக எதுக்கு நம்ம வீட்டைப் பாத்து வருது?”