கூட்டல் மட்டும்

"இருபத்தேழு வகுத்தல் மூணா? இதை யாரு போட்டது? உன் வீட்டுக்காரர் இந்தப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டாரே," என்றாள் வீரலட்சுமி.

"நம்ம பஸ் மணியண்ணன்தான். இரு, நான் மாத்தி விடறேன்," என்றாள் ப்ரீதா.

கம்பெனி பஸ் சிப்காட்டைத் தாண்டியதும் வாட்ஸ்அப் குழுவில் ஆட்டம் களைகட்டிவிடும். ஒருவர் கணக்குப் போடுவார். முதலில் விடை சொல்பவர், அந்த விடையோடு அடுத்த கணக்கைத் தொடுக்க வேண்டும். குழுவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுகிறவர்கள் எல்லோரும் உண்டு. அதனால் எண்ணைத் தவிர ஒரு வார்த்தைகூட எழுதக் கூடாது என்பது விதி. அந்த விதியை வைத்ததே எபினேசர்தான். ப்ரீதாவின் கணவன்.

அவன் வீட்டை விட்டுப் போய் மூன்று வாரம் ஆகிறது. பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கேயே குடி போய்விடலாம் என்றான். ஓசூரை விட்டு வரமாட்டேன் என்றாள் இவள். பேச்சு முற்றி, "போறதுன்னா போங்க. திரும்பி வர வேணாம்," என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கே கிளம்பிவிட்டான். அதன்பிறகு ஒரு போன் இல்லை. சாயங்காலக் கணக்குக்கு மட்டும் தவறாமல் பதில் வந்துகொண்டிருந்தது.

ப்ரீதா அவசரமாகத் தட்டினாள்: 9 + 12.

பஸ் அடுத்த நிறுத்தத்துக்கு வருவதற்குள் எபினேசரின் பெயரில் பதில் வந்தது: 21 + 4.

"பாத்தியா?" என்று போனைத் தோழியின் பக்கம் திருப்பினாள். "முன்னல்லாம் வகுத்தல்னா உயிரு. புள்ளிக்கு அப்புறம் மூணு எண் வரைக்கும் போவாரு. இப்ப கூட்டல் போட்டாத்தான் வர்றாரு. அவரும் கூட்டல்தான் போடறாரு."

"அதுக்கு என்னவாம்?"

"பிரிக்கற கணக்கு வேணாங்கறாரு. அவர் மனசு எனக்குத் தெரியாதா?"

வீரலட்சுமி சிரித்துவிட்டாள். "நல்ல குடும்பம்டி. ஊர்ல புருஷன் பொண்டாட்டி போன்ல கொஞ்சுவாங்க. நீங்க கணக்குப் போட்டுக் கொஞ்சறீங்க. பேசித் தொலையுங்களேன்."

"அவரே கூப்பிடட்டும்."

"மணியண்ணன் கூப்பிட்டாராம். பகல்ல எப்பவும் ஸ்விட்ச் ஆஃபாம்."

"வேலையில இருப்பாரு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல அத்தை ஒரே அழுகை. பையன் எப்படி இருக்கானோன்னு. இந்தக் கணக்கைத்தான் காட்டினேன். பாருங்க அத்தை, நேத்துகூடப் பதில் போட்டிருக்காரு, நல்லாத்தான் இருக்காருன்னேன். அப்புறம்தான் அவங்க தண்ணியே குடிச்சாங்க."

"அவங்களுக்குச் சரி. உனக்கு?"

ப்ரீதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சோறு இறங்கல, வீரா. நானே பெங்களூருக்கு வந்துடறேன்னு சொல்லிடலாமான்னு இருக்கு."

"சொல்லிட வேண்டியதுதானே. ஆட்டத்துல இருக்காரு, இப்ப போன் ஆன்லதான் இருக்கும். இன்னிக்கே கூப்பிடு."

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ப்ரீதா பூக்கடை ஓரமாக ஒதுங்கி நின்று எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. நின்றுவிடுமோ என்று பயந்த நேரத்தில் யாரோ எடுத்தார்கள்.

"என்னங்க, நான்தான். அன்னிக்கு அப்படிச் சொன்னது தப்புதாங்க. ஒரு சின்ன வீடாப் பாருங்க. நான் வந்துடறேன்."

யார் வேண்டும் என்று மறுமுனையில் ஒரு பெண்ணின் குரல் கன்னடத்தில் கேட்டது. "யாரு பேக்கம்மா?"

இன்னொருத்தியோடு இருப்பான் என்று ப்ரீதா ஒருநாளும் நினைத்ததில்லை. "இது எபினேசர் போனு. நீங்க யாரு? உங்ககிட்ட எப்படி வந்தது?" என்று தெரிந்த கன்னடத்தில் கேட்டாள்.

அந்தப் பெண் பதறாமல், கன்னடத்தில் நிதானமாகச் சொன்னாள். ப்ரீதாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.

"ஓசூர்-பெங்களூர் ரோட்டுல, அத்திப்பள்ளியில டீக்கடை வச்சிருக்கோம்மா. இந்தப் போனைப் பகல்ல அணைச்சு டிராயர்லதான் வச்சிருப்போம். ஸ்கூல் விட்டு வந்தா என் பொண்ணு எடுத்துக் கணக்குப் போடுவா. ரெண்டாங்கிளாஸ், அவளுக்குக் கூட்டல்தான் வரும். தப்பா நினைக்காதீங்க. போன்ல பூட்டு இல்ல, ஆனா பேரெல்லாம் தமிழ்ல இருக்கு, எங்களுக்குப் படிக்க வராது. யாராவது கூப்பிட மாட்டாங்களான்னு நாங்களும் பாத்துட்டேதான் இருந்தோம்."

"அவரு எங்கே?"

"மூணு வாரம் இருக்கும்மா. 'சார்ஜ் தீந்துபோச்சு, கொஞ்சம் போட்டு வைங்க. டோல்கேட் பக்கம் ஓசூர் பஸ் நிக்குமான்னு பாத்துட்டு வந்துடறேன், வீட்டுக்குத் திரும்பிப் போகணும்'னு சொல்லிட்டுப் போனாரு. இன்னும் வரலை."