வெள்ளை வளையம்

ரம்பம் நின்ற பிறகும் காதுக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. தோப்பிலேயே நேரான மரம் தரையில் நீட்டிக் கிடக்கிறது; காலையில் மருமகள் அதன் இடுப்பில் பூசிய வெள்ளை வளையம் இன்னும் காயவில்லை. நெருக்கமாய் நட்ட தோப்பு. பாதியை எடுத்தால்தான் மீதி பருக்கும். காலமெல்லாம் ஊரார் தோப்புகளில் மரம் வெட்டிய மாமனாருக்கு, பெயின்ட் அடித்த மரம் என்றால் வெட்ட வேண்டிய மரம். அவளுக்கு அது வெட்டாமல் விட வேண்டிய மரம்.

"இது நிக்க வேண்டியது, மாமா. நான் சொல்லியிருக்கணும்."

"நான் கேட்டிருக்கணும்மா. காலையில இருந்து ஊர்க்கதையெல்லாம் பேசினோம், இதை மட்டும் பேசல."

மரம் விழுந்த இடைவெளியில் வெயில் இறங்கி, ஈர மரத்தூளை மஞ்சளாக்கி, பக்கத்தில் நிற்கும் கோணல் மரத்தின்மேல் படுகிறது. நெரிசலில் வெளிச்சத்தைத் தேடித் தேடி வளைந்துபோன மரம். வெட்டட்டும் என்று அவள் பெயின்ட் பூசாமல் விட்டது. அவர் அதன் பட்டையை உள்ளங்கையால் தட்டிப் பார்க்கிறார்.

"இதையும் எடுத்துட்டா இங்க களைதான் மண்டும்."

அவள் பிரஷை டப்பாவில் முக்கி, விளிம்பில் வழித்து, கோணல் மரத்தைச் சுற்றி வளையம் போடுகிறாள். வளைவு வரும் இடத்தில் கை மெதுவாகிறது. மாமனார் ரம்பத்தைத் தொடாமல், கோட்டின் இரண்டு முனையும் முட்டும்வரை காத்து நிற்கிறார்.