சிந்தாத கேன்

"எவனோ ஒருத்தன் என் பெட்ரோலைத் திருடறான்."

மெஷின் சாமான் கடைக்குள் கால் வைக்கும்போதே மரம் வெட்டும் கான்ட்ராக்டர் இப்படித்தான் ஆரம்பித்தார். பேரைச் சொல்லவில்லை. ஆனால் பின்னால் வந்த மச்சானை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

மச்சான் அவர் மனைவியின் தம்பி. செயின் சா மெஷின் பிடிப்பவன். நாலு மரத்தைச் சாய்த்துவிட்டு நேராக வந்திருந்தான். தலையெல்லாம் மரத்தூள். நிற்கத் தெம்பில்லாமல் கதவில் சாய்ந்துகொண்டான்.

"இப்ப என்ன வேணும்?" என்றாள் கடைக்காரம்மா.

"பூட்டுப் போட்ட கேன். சாவி என் இடுப்புல இருக்கணும்."

"எவ்வளவு குறையுது?"

"வாரத்துக்கு ரெண்டு லிட்டர். அளக்கறது நான். ஆயில் கலக்கறது நான். மெஷின்ல ஊத்தறதும் நான். மெஷினைத்தான் ஆறு மாசமா இவன் கையில குடுத்தாச்சு. கேனையாவது விட மாட்டேன்."

கடைக்காரம்மா ஒரு தகரக் கேனை எடுத்து வைத்தாள். வாயில் சின்னப் பூட்டு.

"அது வேண்டாம் மாமா." மச்சான் அலமாரியின் மேல் தட்டைக் காட்டினான். "அதை எடுங்கக்கா."

அது ரெண்டு அறை கேன். பெரிய அறையில் பெட்ரோல், சின்ன அறையில் செயினுக்கு ஆயில். மூக்கை டேங்க் வாயில் வைத்து அழுத்தினால்தான் ஊற்றும். டேங்க் நிறைந்ததும் தானாக நின்றுவிடும்.

விலையைக் கேட்டதும் கான்ட்ராக்டருக்குச் சுருக்கென்றது.

"இந்த விலைக்கு அது வாய் திறந்து பேசணும்மா. காலையில என்னை எழுப்பி விடணும்."

"பேசாம வேலையைப் பாக்கும். அதுக்குத்தான் அந்த விலை."

"பூட்டு இருக்கா?"

"இல்ல."

"அப்போ எனக்கு எதுக்கு?"

மச்சான் குறுக்கே வந்தான். "சூடான மெஷின் மேல சிந்தினா பத்திக்கும் மாமா."

"நான் ஊத்தி எப்படா சிந்தியிருக்கு? முப்பது வருஷத்துக் கை இது."

மச்சான் சட்டைப் பையைத் தடவினான். "மேல ஆகற காசை நான் போட்டுடறேன். இதையே வாங்குங்க" என்றான்.

அங்கேதான் மாட்டினான்.

"பாத்தியாம்மா? பூட்டுன்னு சொன்னதும் ஐயா வள்ளலாயிட்டாரு."

"நான் எடுக்கல மாமா."

"பின்னே தானா நடந்து போச்சா? நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே. ஏன்னு உன் அக்கா கேட்டா நீயே சொல்லிக்கோ."

மச்சான் கான்ட்ராக்டரின் முகத்தைப் பார்த்தான்.

"வண்டி வழியை மறிச்சு நிக்குது. ஓரமா விட்டுட்டு வரேன்" என்று வெளியே போனான்.

இவர்கள் குடும்பச் சண்டை தீர்ந்தால்தான் தனக்கு வியாபாரம் ஆகும் என்று கடைக்காரம்மாவுக்குத் தெரியும். மச்சான் சிந்துவதைப் பற்றியே பேசியதும் அவள் காதில் விழுந்திருந்தது. மூலையில் கிடந்த ஓடாத பழைய மெஷின் ஒன்றை மேசையில் வைத்தாள். பூட்டுக் கேனில் தண்ணீர் பிடித்து நீட்டினாள்.

"இங்கேயே ஊத்திப் பாத்து எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு ஒழுகுதுன்னு வந்து நிக்கக் கூடாது."

கான்ட்ராக்டர் கேனைச் சாய்த்தார். கை ஆடியது. பாதி டேங்குக்குள் போனது. பாதி மெஷினின் முதுகில் விழுந்து, மேசையில் ஓடி, அவர் செருப்பில் சொட்டியது.

அவர் எப்போதும் மரத்தூள் மேல் மெஷினை வைத்து ஊற்றுகிறவர். சிந்தினால் தூள் குடித்துவிடும். மேசை குடிக்கவில்லை.

கான்ட்ராக்டர் கேனைக் கீழே வைத்தார். வைத்த பிறகும் கை நிற்கவில்லை. கடைக்காரம்மா ரசீதுப் புத்தகத்தைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டாள்.

மச்சான் உள்ளே வந்தான். மேசையைப் பார்த்ததும் இடுப்பிலிருந்து ஒரு துணியை உருவினான். முதலில் மெஷினின் சூடாகும் பக்கம், அப்புறம் மூடி, அப்புறம் மேசை. கண்ணை மூடிக்கொண்டுகூடச் செய்வான் போலிருந்தது.

"என் கை பட்டுடுச்சு மாமா" என்றான்.

அவன் தெருவில் இருந்தான். அது மூன்று பேருக்கும் தெரியும்.

துணியிலிருந்து பெட்ரோல் வாடை வந்தது. கான்ட்ராக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளாடா துடைக்கறே?"

"மெஷினை என்கிட்ட குடுத்தீங்கல்ல. அதுலேர்ந்து."

"சொல்லியிருக்கலாமே."

"கேனையும் விட்டுட்டா வீட்டுல உக்காந்துடுவீங்க மாமா."

கான்ட்ராக்டர் பூட்டுக் கேனைக் கடைக்காரம்மா பக்கம் தள்ளினார்.

"அந்த ரெண்டு அறை கேனைக் குடும்மா. சொன்ன விலைக்கே" என்றார் கான்ட்ராக்டர்.

இந்தக் கடையில் அவர் பேரம் பேசாமல் வாங்கிய முதல் பொருள் அது. வாங்கி மச்சான் கையில் கொடுத்தார். தரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"எவனோ ஒருத்தன் உன்னைத் திருடன்னு சொன்னான்டா. அவன் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி, இன்னைக்கு உன் அக்கா முன்னாடி நின்னு உன்கிட்ட மன்னிப்புக் கேட்டாகணும்."