துணைக்கு வந்தவள்

“ஆம்புலன்ஸ் ட்ரைவர் மனநலக் கிளினிக்குக்குப் போறார் எண்டு வெளியில தெரிஞ்சா, ஆர் எங்கட வண்டியில ஏறுவினம்? சத்தம் போடாம யோகலிங்கத்தை ரெண்டு நாள் லீவு எடுக்கச் சொல்லுங்கோ” என்றார் பொறுப்பதிகாரி அப்ராஸ்.

யோகலிங்கம் ஓட்டும் வண்டியின் மருத்துவ உதவியாளர் கஜந்தி, கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “கால் முறிஞ்சா ஒளிச்சோ ஆஸ்பத்திரிக்குப் போறம்? நான் அவரை யூனிபோமோடயே கூட்டிக்கொண்டு போறன். பாக்கிறவை பாக்கட்டும்.”

போன மாதம் கட்டைபறிச்சானில் நீரில் மூழ்கிய சிறுமியை ஏற்றி வந்தது அவர்கள் இருவரும்தான். யோகலிங்கம் வண்டியை விரட்ட, பின்னால் கஜந்தி பிள்ளையின் நெஞ்சை அழுத்திக்கொண்டே வந்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

அன்றிலிருந்து தனக்கு நித்திரையே இல்லை என்று யோகலிங்கம் நேற்றுத்தான் வாய் திறந்தார். “தனியப் போக ஏலாது, தங்கச்சி. நீங்களும் வாங்கோ.”

அன்புவழிபுரத்தில் பஸ் ஏறியதுமே அவர் குறட்டை விடத் தொடங்கிவிட்டார். ‘பாவம், இப்பவாவது கண் மூடினாரே’ என்று கஜந்தி நினைத்தாள். பின் சீட்டில் ஒரு குழந்தை வீரிட்டது. அவளுடைய இரண்டு கைகளும் தாமாகவே முன்னாலிருந்த கம்பியை அழுத்தின. குழந்தை ஓய்ந்த பிறகும் அவை நிற்கவில்லை.

கிளினிக்கில் யோகலிங்கமே போய் நம்பர் எடுத்து வந்தார். வாங்கில் இருந்த பெண்ணொருத்தி அவர்களுடைய யூனிபோமைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள்.

“ஓம், ஆம்புலன்ஸ்காரர்தான்” என்றாள் கஜந்தி, எல்லோருக்கும் கேட்கும்படி. “ஆரையும் ஏத்த வரேல்ல. மருந்தெடுக்க வந்தனாங்கள். எங்களுக்கும் மனசு இருக்கு.”

தாதி அவர்களுடைய நம்பரைக் கூப்பிட்டாள்.

“எழும்புங்கோ, அண்ணை. வெக்கப்பட இதில ஒண்டும் இல்லை. நான் வெளியிலதான் நிப்பன்.”

யோகலிங்கம் எழும்பவில்லை. அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

“எனக்கு நல்ல நித்திரை, தங்கச்சி. நம்பர் உங்கட பேரிலதான் எடுத்தனான்.”