முன்பல் சொத்தை

பாளையங்கோட்டை வாத்தியார் சத்தியநேசனைக் கட்டி மூன்று நாளாகியும் கெசியா வாய்விட்டுச் சிரிக்கவில்லை. அவளுக்கு முன்பல் சொத்தை. அவரோ விடிந்ததும் வீட்டில் எல்லோருக்கும் வேப்பங்குச்சி கொடுத்து, தேய்த்த பல்லைப் பார்த்த பிறகுதான் காப்பி குடிக்க விடுவார். அவர் பல்வரிசை முத்துக் கோத்தது போலிருக்கும்.

இரண்டு நாள் தலைவலி என்று தப்பித்தவள், மூன்றாம் நாள் கிணற்றடியில் தனியாக மாட்டிக்கொண்டாள்.

"பயப்படாம வாயத் தொற, கெசியா."

திறந்தாள். கண் கலங்கிவிட்டது. "கல்யாணம் நின்னு போயிரும், வெளிய சொல்லாதன்னு எங்க அப்பா சொன்னாவ."

சத்தியநேசன் சுற்றுமுற்றும் பார்த்தார். வாய்க்குள் கைவிட்டு, மேல்வரிசைப் பல் முழுவதையும் ஒரே செட்டாகக் கழற்றி அவள் கையில் வைத்தார்.

"எங்க அப்பாவும் அதயேதான் சொன்னாவ" என்றார் பொக்கை வாயோடு.

கெசியா வாய்விட்டுச் சிரித்தாள்.