சத்தம் கேட்காத தூரம்

"அப்பா, நீங்க செய்யறதெல்லாம் எங்க போய் விழும்?"

ஆறு வயதில் மகள் கேட்டது. "ரொம்ப தூரத்துல, கண்ணு. நமக்குச் சத்தமே கேக்காத தூரத்துல" என்று சொல்லிவிட்டு ஹோவர்ட் சாப்பிட உட்கார்ந்தார். நாற்பது வருடமாகியும் அந்தப் பதில் அவருக்குச் செரிக்கவில்லை.

இப்போது எழுபத்து நான்கு வயதில், மிச்சிகன் பனியில், பெரிய கடையொன்றின் வாசலில் தள்ளுவண்டிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"அடப்பாவி, ஹோவர்ட்! நீயா?"

ஏவுகணைத் தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்த்த க்ளென்.

"நானேதான். தோளை விடுப்பா, வண்டி உருண்டுடும்."

"சண்டை நின்னு ஒரு வாரம் ஆகல. அதுக்குள்ள வண்டி தள்ள வந்துட்டியே!"

அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம். சம்பளத்தில் கம்பெனிப் பங்கு ஒன்று வாங்கினால், கம்பெனி இன்னொன்றைச் சும்மா போடும். வயதான காலத்துக்கென்று எல்லோரும் அதையே வாங்கிச் சேர்த்தார்கள். வேறெதையும் திரும்பிப் பார்க்கவில்லை. போர் மூண்டால் பங்கு ஏறும். போன வாரம் போர்நிறுத்தம் வந்ததும் சரிந்துவிட்டது.

"எனக்குப் பாதி போச்சு. உனக்கு?"

"முழுசும்."

"அதெப்படிடா முழுசும் போகும்? எதுலடா ஏமாந்தே?"

ஹோவர்ட் இன்னொரு வண்டியை வரிசையில் செருகினார்.

"ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்ல எழுந்து நின்னு, 'ஆண்டவரே, சமாதானம் தாரும்'னு உருகினது யாரு? நீதானே! அவரும் கேட்டுட்டாரு. இப்ப தள்ளு!"

"தள்றேன்" என்றார் ஹோவர்ட். கை விறைத்துப்போயிருந்தது.

"ஐயா!" என்று ஓடிவந்தாள் சமீரா. ஏமனிலிருந்து வந்து அவருடைய பக்கத்து வீட்டில் குடியிருப்பவள். அவர் மனைவி மார்லீன் படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில், தினமும் பருப்பு சூப் கொண்டுவந்து ஊட்டிவிட்டவள். ஒரு காசு வாங்கியதில்லை.

"ஐயா, எங்க அக்கா பையன் யஹ்யா நடக்கறான்! பாருங்க!"

போனில் ஒரு சிறுவன் செயற்கைக் காலோடு, சுவரைப் பிடித்தபடி அடியெடுத்து வைத்தான்.

"யாரோ ஒரு புண்ணியவான், எங்க ஊர் ஆஸ்பத்திரியில கால் செய்யற கூடமே வச்சுக் கொடுத்திருக்காராம். பேரைச் சொல்லவே கூடாதுன்னுட்டாராம்."

"யாராவது எண்ணெய்க் கிணறு வச்சிருக்கற ஷேக்கா இருப்பான்" என்றார் க்ளென். "அவனுக்கென்ன, இந்த மாதிரி வண்டியா தள்றான்?"

"யாரா இருந்தா என்ன, நல்லா இருக்கட்டும்." சமீராவின் குரல் உடைந்தது. "அவன் நடக்கறதைப் பாக்க எங்க அக்காதான் இல்ல."

ஹோவர்டால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"சத்தத்தைக் கொஞ்சம் கூட்டும்மா" என்றார்.

டக்... டக்... கடைசி அடிவரை கேட்டுவிட்டு, வண்டி வரிசையைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தார்.

"பைத்தியக்காரன்" என்று க்ளென் முணுமுணுத்தார். "விலை ஏறினப்பவே வித்திருந்தா ராஜா மாதிரி இருந்திருக்கலாம்."

விலை உச்சத்தில் இருந்தபோதே, ஒன்று விடாமல், ஹோவர்ட் விற்றிருந்தார்; சமீரா தன் அக்காவின் இடிந்த வீட்டில் கிடந்த ஏவுகணையின் உலோக வாலைப் படத்தில் காட்ட, அதில் தன் தொழிற்சாலையின் முத்திரையை அவர் கண்ட மறுநாள் காலையில்.