இரவல் அக்கா

“அக்கா, பாத்து! இங்க ஒரு படி இருக்கு!”

வாசலில் தங்கையின் குரல் கேட்டதும், “தெரியும்டி” என்று சொல்லப் பெரியவள் வாயைத் திறந்துவிட்டாள். அப்புறம்தான் உறைத்தது. அந்த ‘அக்கா’ தனக்கில்லை, கூட வந்திருக்கும் நீச்சல் டீச்சருக்கு.

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. தங்கைக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அவள் ஒருத்திக்கே சொந்தமாக இருந்த சொல் அது. இப்போது யாரோ ஒருத்திக்கு இரவல் போய்விட்டது.

தொலைபேசிக் கம்பெனியில் புகார்ப் பிரிவு அவளுக்கு. நாள் முழுக்க ஊரார் வசவைக் காதில் வாங்கிக்கொள்ளும் உத்தியோகம். குரலைக் கேட்டே ஆளின் குணத்தைப் புட்டுப் புட்டு வைத்துவிடுவாள். டீச்சரின் குரலில் மட்டும் ஒரு குறையும் அகப்படவில்லை. எரிச்சலே அதுதான்.

டீச்சர் கிளம்பியதும் பிடித்துக்கொண்டாள். “விடிஞ்சா டீச்சர், இருட்டினா டீச்சர். அப்படி என்னடி சொக்குப்பொடி போட்டா அவ?”

“போட்டி வருதுல்லக்கா. நீச்சல், சைக்கிள், ஓட்டம்னு மூணும் சேர்ந்தது. ஞாயித்துக்கிழமை, ஏரிக்கரையில.”

“ஜெயிச்சு கிழிக்கப் போறியாக்கும்?”

“ஜெயிக்கவா? இது சும்மா ஒத்திகைக்கா. நிஜம் அடுத்த மாசம்தான், அந்தப் பெரிய போட்டி.”

பெரிய போட்டியா! அது பெரியவளின் கனவு அல்லவா? அதற்காகத் தன் தோழியோடு வருடக்கணக்கில் நீந்தி, மிதித்து, ஓடியவள் அவள். தோழி கல்யாணமாகி வெளிநாடு போனதோடு எல்லாம் நின்றது, ஷூ பரணில் ஏறியது. “அவ இல்லாம நான் எங்க ஓடறது?” என்று அழுதவளை அன்றைக்குத் தேற்றியது இதே தங்கைதான். இப்போது அந்தக் கனவை அலாக்காகத் தூக்கிக்கொண்டு போய் எவளோடோ பங்கு போட்டுக்கொள்கிறாள்.

“நல்லா ஓடு” என்றாள் பெரியவள். வாழ்த்து சாபம் மாதிரி வந்து விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை, தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். தங்கை போனபிறகு மனசு கேட்கவில்லை. டாக்ஸி வரவழைத்து, எல்லைக்கோட்டுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடச் சொல்லி, இரும்புத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தங்கை தோற்க வேண்டும் என்றில்லை, டீச்சர் தோற்றால் போதும். போட்டி முடிந்ததும் இரண்டு பேரும் குடுமிப்பிடிச் சண்டை போட்டால் இன்னும் நல்லது.

பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், யாரும் கேட்காமலேயே நேர்முக வருணனை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“அதோ, கடைசி ஜோடி வருது! ரெண்டு பேர் கையையும் கயித்தால சேத்துக் கட்டியிருக்கு. அந்தச் சின்னப் பொண்ணு பெரியவங்கள எப்படித் தாங்கித் தாங்கிக் கூட்டிட்டு வருது பாருங்களேன்! கூடப் பொறந்த அக்காவைக்கூட இந்தக் காலத்துல யாரு இப்படிப் பாத்துக்கறாங்க?”

கயிறு கட்டிக்கொள்ளும் அளவுக்கு ஆகிவிட்டதா? பெரியவளுக்குக் காது அடைத்தது. சுற்றிலும் எல்லோரும் கைதட்டினார்கள். அவள் தடுப்பை விடவில்லை.

“அக்கா!” தங்கையின் குரல் மூச்சிரைக்க ஓடிவந்தது. இந்தத் தடவை அவளைத்தான். “நீ எப்படி வந்தே? தனியாவா வந்தே?”

“ஏன், வரக்கூடாதா? உனக்குத்தான் வேற அக்கா கெடைச்சாச்சே. பெரிய போட்டிக்கும் அவளையே கட்டி இழுத்துக்கிட்டுப் போ. நான் எதுக்கு உனக்கு?” குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது.

டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் வந்து சிரித்தாள். “ஐயோ, என்னை விட்டுடுங்க சாமி! ஏரியில பாதித் தண்ணியை நான்தான் குடிச்சேன். ரெண்டு பேர் மிதிக்கிற சைக்கிள்ல பின்னாடி, இவ முதுகே கதின்னு உக்காந்து மிதிச்சேன். சரியா வந்தப்புறம்தான் உங்ககிட்ட சொல்லணும்னு எனக்கு வாய்ப்பூட்டு வேற. இப்ப சொல்லலாம், உங்க தங்கச்சி நல்லாப் பழகிட்டா.”

“எதுக்குப் பழகிட்டா?”

தங்கை டீச்சரின் நீச்சல் கண்ணாடியைக் கழற்றி வாங்கி அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள். பெரியவள் கட்டைவிரலால் தடவினாள். இரண்டு கண்ணையும் மறைத்துத் தடிமனாக டேப் ஒட்டியிருந்தது.

“போட்டி முடியற வரைக்கும் இதைக் கழட்டவே விடலையே, உங்க தங்கச்சி” என்றாள் டீச்சர்.

தன் மணிக்கட்டில் தொங்கிய கயிற்றின் மறுமுனையை எடுத்து, தங்கை அக்காவின் கையில் கட்டினாள்.

“பெரிய போட்டியில உனக்குக் கண்ணு நான்தான்க்கா.”